கணக்கு சர்வர் மாற்றம்: பிசினஸ் ஒன், எஸ்கியூஎல் 2016-லிருந்து 2019-க்கு. எதெல்லாம் விட்டுப்போகும்?

நூல்மில்_ஐடி
வணக்கம். இப்போது ஓடுவது விண்டோஸ் சர்வர் 2016, எஸ்கியூஎல் சர்வர் 2016 ஸ்டாண்டர்டு (டேட்டாபேஸ் மென்பொருள்), அதன்மேல் எஸ்ஏபி பிசினஸ் ஒன் 10 (கணக்கு மென்பொருள்). எஸ்கியூஎல் 2016-க்கான நீட்டிப்பு ஆதரவின் கடைசி நாள் 2026 ஜூலை 14 என்பதால் சர்வரை மாற்றுகிறோம். புதியதில் விண்டோஸ் 2022, எஸ்கியூஎல் 2019.

மூன்று கம்பெனி டேட்டாபேஸ். பெரியது 180 ஜிபி, அதன் லாக் ஃபைல் (மாற்றங்களைப் பதியும் ஃபைல்) மட்டும் 90 ஜிபி. அட்டாச்மென்ட் ஃபோல்டர் 240 ஜிபி. 45 யூசர். மூன்று ஷிஃப்டும் லாரி லோடு ஆவதால் இன்வாய்ஸ் போடாமல் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஃபுல் பேக்கப் எடுத்து, புதியதில் ரெஸ்டோர் பண்ணி, லைசன்ஸ் மாற்றிவிட்டால் முடிந்தது என்று வெண்டர் சொல்கிறார். அவ்வளவுதானா?

லாக்பேக்கப்
டேட்டாபேஸைத் தூக்கிவைப்பது இதில் சின்ன வேலை சார். டேட்டாபேஸுக்கு வெளியே இருப்பதுதான் திங்கட்கிழமை காலையில் காலை வாரும். முதலில் சின்ன வேலையை முடிப்போம்.

2 மணி நேரத்துக்குள் முடிக்க, ஃபுல் பேக்கப்பை கட்ஓவர் நேரத்தில், அதாவது பழையதிலிருந்து புதியதுக்கு மாறும் நேரத்தில், எடுக்கவே கூடாது. 1 ஜிபிபிஎஸ் லைனில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் பெரிய விஷயம். 180 ஜிபி நகலெடுக்கவே அரை மணி. பேக்கப், ரெஸ்டோர், சோதனை எல்லாம் சேர்ந்தால் நேரம் போய்விடும். அதனால் இப்படி:

வெள்ளி இரவு ஃபுல் பேக்கப். கம்ப்ரஷன், செக்சம் இரண்டும் போடுங்கள். புது சர்வரில் அதை "வித் நோரெகவரி" போட்டு ரெஸ்டோர் பண்ணுங்கள், டேட்டாபேஸ் திறக்காமல் அடுத்த லாக்குக்காகக் காத்திருக்கும். அதன்பின் 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப், ஒவ்வொன்றையும் புதியதில் நோரெகவரியிலேயே ஏற்றிக்கொண்டே வாருங்கள். சனி இரவு எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, பழைய சர்வரில் கடைசி லாக் பேக்கப்பை, அதாவது டெயில் லாக்கை, "வித் நோரெகவரி" சேர்த்து எடுங்கள். அந்த நொடியே பழைய டேட்டாபேஸ் ரெஸ்டோரிங் நிலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யாராவது கிளையன்டைத் திறந்தாலும் அதில் ஒரு வரி எழுத முடியாது. இந்த ஒரு சொல்லை விட்டால், பழையதில் இரண்டு இன்வாய்ஸ், புதியதில் அதே எண்ணில் வேறு இரண்டு இன்வாய்ஸ் என்று மாட்டிக்கொள்வீர்கள். டெயில் லாக்கைப் புதியதில் ஏற்றி "வித் ரெகவரி" கொடுத்தால் டேட்டாபேஸ் திறந்துவிடும். உண்மையான நிறுத்தம் நிமிடக் கணக்குதான்.

இதில் வெடிக்கும் இடங்கள்:

ரெகவரி மாடல் (லாக்கை எவ்வளவு வைத்துக்கொள்வது என்ற அமைப்பு) சிம்பிளாக இருந்தால் லாக் பேக்கப்பே எடுக்க முடியாது. ஃபுல்லுக்கு மாற்றியதும் ஒரு ஃபுல் பேக்கப் எடுத்தால்தான் சங்கிலி தொடங்கும். சிம்பிளில்தான் இருக்க வேண்டுமென்றால் வெள்ளி ஃபுல், சனி டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியது மட்டும்).

விஎம் (மெய்நிகர் கணினி) பேக்கப் மென்பொருள் பின்னால் ஓடுகிறதா என்று பாருங்கள். அது காப்பி ஒன்லி (சங்கிலியைத் தொடாத தனி நகல்) இல்லாமல் ஃபுல் எடுத்தால் டிஃபரென்ஷியலின் அடிப்படை மாறிவிடும். ரெஸ்டோர் நேரத்தில் 3136 எரர். அதுவே லாக் பேக்கப்பும் எடுத்து வேறெங்கோ வைத்தால் உங்கள் சங்கிலியில் ஒரு கண்ணி காணாது, 4305 எரர். கட்ஓவர் வாரம் அந்த ஜாபை நிறுத்திவையுங்கள், அல்லது காப்பி ஒன்லிக்கு மாற்றுங்கள்.

90 ஜிபி லாக் ஃபைலை இப்போதே சுருக்குங்கள். "பெர்ஃபார்ம் வால்யூம் மெயின்டனன்ஸ் டாஸ்க்ஸ்" உரிமையை எஸ்கியூஎல் சர்வீஸ் அக்கவுன்டுக்குக் கொடுத்தால் டேட்டா ஃபைலைப் பூஜ்யத்தால் நிரப்பும் நேரம் மிச்சமாகும். ஆனால் 2019-ல் லாக் ஃபைலுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழு 90 ஜிபியையும் நிரப்பிவிட்டுத்தான் ரெஸ்டோர் நகரும். 0 சதவீதத்திலேயே நிற்கிறதே என்று பதறி கேன்சல் பண்ணுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நூல்மில்_ஐடி
நன்றி சார். இடையில் புதியதை ஸ்டாண்ட்பையில் (படிக்க மட்டும் திறந்த நிலை) வைத்து, டேட்டா வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாமா?

லாக்பேக்கப்
முடியாது. 2016 பேக்கப்பை 2019-ல் திறக்கும்போது உள்ளமைப்பு மேம்படுத்தப்பட வேண்டும். அது ரெகவரி சமயத்தில்தான் நடக்கும். அதனால் பதிப்பு மாறும்போது ஸ்டாண்ட்பை அனுமதிக்கப்படாது. முன்கூட்டியே பார்க்க வேண்டுமென்றால் அதே ஃபுல் பேக்கப்பை வேறு பெயரில் தனியாக ரெஸ்டோர் பண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று: 2019-ல் ஒருமுறை திறந்ததை 2016-க்குத் திருப்பி ரெஸ்டோர் பண்ண வழியே இல்லை. கம்பேட்டிபிலிட்டி லெவலை (எந்தப் பதிப்புபோல நடக்க வேண்டும் என்ற அமைப்பு) 130-ல், அதாவது 2016 நிலையில், வைத்திருந்தாலும் முடியாது. "பிரச்சினை வந்தால் பழையதுக்குப் போய்விடலாம்" என்று வெண்டர் சொன்னால், எதை வைத்துப் போவார் என்று கேளுங்கள்.

ஹைப்பர்_பையன்
இவ்வளவு சுற்றுவானேன்? விஎம்-ஐ அப்படியே புது ஹோஸ்டுக்கு நகர்த்தி, உள்ளேயே இன்-பிளேஸ் அப்கிரேடு அடித்தால் லாகின், ஜாப், பாத் எதுவுமே மாறாது.

லாக்பேக்கப்
நகர்த்தலாம் தம்பி. ஹோஸ்ட் மட்டும் பழசாகிவிட்டது என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே விண்டோஸும் எஸ்கியூஎல்லும் மாற வேண்டும். இன்-பிளேஸ் பாதியில் நின்றால் ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் கதி. பத்து வருடத்துக் குப்பையும் கூடவே வரும். பக்கத்தில் புது சர்வர் வைத்து மாற்றினால் பழையது தொடாமல் அப்படியே நிற்கும். அந்த நிம்மதிக்காகத்தான் இந்தச் சுற்று.

அவினாசி_ரோடு
பிசினஸ் ஒன் பக்கம் நான் சொல்கிறேன்.

இரண்டு சர்வரிலும் ஒரே ஃபீச்சர் பேக், ஒரே பேட்ச். எஸ்கியூஎல் மாற்றத்தையும் பிசினஸ் ஒன் அப்கிரேடையும் ஒரே இரவில் கலக்காதீர்கள். தப்பு நடந்தால் எது காரணம் என்றே தெரியாது. நீங்கள் இருக்கும் ஃபீச்சர் பேக் எஸ்கியூஎல் 2019-ஐ ஆதரிக்கிறதா என்று பிளாட்ஃபார்ம் அட்டவணையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

லைசன்ஸ் ஹார்டுவேர் கீயோடு கட்டப்பட்டது. புது சர்வரில் சர்வர் டூல்ஸ் நிறுவியதும் புது கீ வரும். அதைக் கொடுத்துப் பார்ட்னர் மூலம் புது லைசன்ஸ் ஃபைல் வாங்க வேண்டும். சனிக்கிழமை இரவு கேட்டால் யார் தருவார்? முந்தைய வாரமே வாங்கி ஏற்றிவையுங்கள். எந்த யூசருக்கு என்ன லைசன்ஸ் என்ற பட்டியலையும் எடுத்து வையுங்கள். திரும்ப ஒவ்வொன்றாக ஒதுக்க வேண்டிவரும்.

ஆட்-ஆன்கள். டிஐ ஏபிஐ (மற்ற நிரல்கள் பிசினஸ் ஒன்னோடு பேசும் வழி) மூலம் எழுதிய சொந்த ஆட்-ஆன் இருந்தால், சர்வர் வகை என்ற இடத்தில் எம்எஸ்எஸ்கியூஎல் 2016 என்று நிரலிலேயே பதித்திருப்பார்கள். எடைமேடை ஆட்-ஆன், பார்கோடு ஆட்-ஆன் எல்லாவற்றிலும் இதைத் தேடுங்கள். 2019-க்கு மாற்றாவிட்டால் கனெக்ஷனே கிடைக்காது.

அட்டாச்மென்ட்தான் பெரிய தலைவலி. ஜெனரல் செட்டிங்ஸில் பாத் மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். அது இனி சேர்க்கப்போகும் ஃபைலுக்கு மட்டும். ஏற்கெனவே சேர்த்த ஒவ்வொரு ஃபைலுக்கும் ஏடிசி1 டேபிளில் முழுப் பாதையும் சர்வர் பெயரோடு பதிவாகியிருக்கும். பழைய சர்வரை அணைத்ததும் பழைய பர்ச்சேஸ் பில் ஒன்றும் திறக்காது. டேபிளை நேரடியாக அப்டேட் அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், எஸ்ஏபி ஆதரவு போய்விடும். பழைய சர்வர் பெயரையே புதியதற்கு மாற்றுப் பெயராக வைப்பதுதான் சுத்தமான வழி.

பேட்ச்கார்டு
அந்த மாற்றுப் பெயரை டிஎன்எஸ்-ல் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) போட்டுவிட்டால் மட்டும் ஷேர் ஃபோல்டர் திறந்துவிடாது. கெர்பரோஸுக்கு (டொமைனின் அடையாளச் சரிபார்ப்பு) அந்தப் பெயரில் எஸ்பிஎன் (சேவைப் பெயர்ப் பதிவு) வேண்டும். பழைய சர்வரை டொமைனிலிருந்து எடுத்துவிட்டு, புதியதில் "நெட்டாம் கம்ப்யூட்டர்நேம்" கட்டளையின் ஆட் வசதியால் பழைய பெயரைச் சேர்த்தால் எஸ்பிஎன்னும் சேர்ந்து பதிவாகும். பழைய கணினிக் கணக்கு ஆக்டிவ் டைரக்டரியில் உயிரோடு இருந்தால் இது மோதும். முதலில் அதன் பெயரை மாற்றுங்கள். டிஎன்எஸ் டிடிஎல்-ஐ (பழைய முகவரியை நினைவில் வைக்கும் நேரம்) இரண்டு நாள் முன்பே 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள்.

240 ஜிபி ஃபோல்டருக்கு ரோபோகாப்பி (விண்டோஸின் நகலெடுப்புக் கட்டளை). உரிமைகளோடு நகலெடுக்க காப்பிஆல், மறுமுயற்சிக்கு ஆர் 1, காத்திருப்புக்கு டபிள்யூ 1. இந்த இரண்டும் போடாவிட்டால் பூட்டியிருக்கும் ஒரு ஃபைலுக்காக 30 நொடிக்கு ஒருமுறை என்று 10 லட்சம் தடவை முயற்சிக்கும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. புதன்கிழமை ஒருமுறை முழுதாக ஓட்டிவிட்டால், சனி இரவு மாறிய ஃபைல்கள் மட்டும் போகும். எம்ஐஆர் (இலக்கை மூலம் போலவே ஆக்கும்) சுவிட்ச் போடும்போது எது மூலம், எது இலக்கு என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிப் போட்டால் காலி ஃபோல்டரைப் பார்த்து நிஜ ஃபோல்டரைத் துடைத்துவிடும்.

லாக்பேக்கப்
விட்டதைத் தொடர்கிறேன். டேட்டாபேஸோடு வராதவை:

லாகின்கள் மாஸ்டர் என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் இருக்கும். பெயரை வைத்துப் புதிதாக உருவாக்கினால் எஸ்ஐடி (உள் அடையாள எண்) வேறாகிவிடும், உள்ளே இருக்கும் யூசர் அநாதையாக நிற்பார். எஸ்பி ஹெல்ப் ரெவ்லாகின் ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டு ஹாஷோடும் எஸ்ஐடியோடும் எடுத்துக்கொடுக்கும்.

ஏஜென்ட் ஜாப்கள் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்), ஆபரேட்டர்கள், டேட்டாபேஸ் மெயில் எல்லாம் எம்எஸ்டிபி என்ற இன்னொரு சிஸ்டம் டேட்டாபேஸில். லிங்க்டு சர்வர் (வேறு சர்வருக்கான இணைப்பு) மாஸ்டரில். ஒவ்வொன்றையும் ஸ்கிரிப்டாக எடுங்கள். பழைய மாஸ்டரையே வேறு பதிப்பில் ரெஸ்டோர் பண்ண நினைக்காதீர்கள்.

டிடிஇ (டேட்டாபேஸ் ஃபைலையே பூட்டும்) என்கிரிப்ஷன் போட்டிருந்தால் சான்றிதழும் பிரைவேட் கீயும் இல்லாமல் பேக்கப் வெறும் குப்பை. 33111 எரர் வந்தபின் தேடினால் பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு.

சர்வர் கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. நிறுவும்போது அடுத்து, அடுத்து என்று தட்டிப்போனால் விண்டோஸ் லொகேலுக்கு ஏற்ற கொலேஷன் உட்காரும். டெம்ப்டிபி (தற்காலிக டேட்டாபேஸ்) அதையே எடுத்துக்கொள்ளும். டெம்ப் டேபிளைச் சேர்த்து எழுதிய ரிப்போர்ட்டெல்லாம் 468 எரரில் விழும். பழையதில் சர்வர்பிராப்பர்ட்டி கேட்டு, அதையே புதியதில் கொடுங்கள். பிறகு மாற்றுவதென்றால் சிஸ்டம் டேட்டாபேஸ்களை மறுபடி கட்ட வேண்டும்.

இதையெல்லாம்விட மோசமானது தேதி, ஏனென்றால் எரரே வராது. பழைய லாகினின் டிஃபால்ட் லாங்குவேஜ் பிரிட்டிஷ், புதியதில் யுஎஸ் இங்கிலீஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் சிஎஸ்வியில் 25/04 என்று வரும் வரி 242 எரர் கொடுத்து நிற்கும், பரவாயில்லை. 03/04 என்று வரும் வரி சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகப் பதிவாகும். ஏப்ரல் ரசீது போன நிதியாண்டில் போய் உட்காரும். விண்டோஸ் லொகேலிலும் இதே கதை. நீங்கள் லாகின் செய்து இந்தியத் தேதி அமைப்பு வைத்தால் அது உங்கள் கணக்குக்கு மட்டும். சர்வீஸ் அக்கவுன்ட் அமெரிக்கத் தேதியிலேயே ஓடும். ரீஜன் அமைப்பின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டேபில் "காப்பி செட்டிங்ஸ்" கொடுத்து, வெல்கம் ஸ்கிரீனுக்கும் புது யூசருக்கும் சேர்த்து மாற்றுங்கள். சோதனைக்கு 12-க்குள் இருக்கும் தேதியை வைத்தே பாருங்கள்.

பேரேடு
ஆடிட் தரப்பிலிருந்து சில விஷயங்கள்.

முதலாவது, நாள். ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதி, டிடிஎஸ் 7-ஆம் தேதி. 20-க்குப் பிறகு, மாத இறுதிக்கு முன் வரும் வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். மார்ச்சும் செப்டம்பரும் வேண்டாம்.

இரண்டாவது, ஆடிட் டிரெயில். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அது ஆண்டு முழுவதும் ஓடியதா, பாதுகாக்கப்பட்டதா என்று ஆடிட்டர் விதி 11(ஜி)-யின் கீழ் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யும் மாற்றத்துக்கும் லாக் கேட்போம். எனவே சர்வர் மாறிய இரவில் இடைவெளி விழுந்தால் அதற்கான விளக்கம் எழுத்தில் இருக்க வேண்டும்: யார், எத்தனை மணிக்கு நிறுத்தினார், எத்தனை மணிக்குத் தொடங்கினார், நடுவில் என்ட்ரி எதுவும் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்.

மூன்றாவது, சரிபார்ப்பு. டிரையல் பேலன்ஸ் மொத்தம் ஒத்துப்போனால் போதாது. மொத்தம் எப்போதும் ஒத்துப்போகும். பழைய சர்வரில் டெயில் லாக்குக்குச் சற்று முன், யூசர்கள் வெளியேறியபின், இவற்றை எடுத்து வையுங்கள்: கடைசி மூன்று மார்ச் 31-க்கும் அன்றைய தேதிக்கும் கணக்கு வாரியாக டிரையல் பேலன்ஸ், டெட்டார்ஸ் கிரெடிட்டார்ஸ் ஏஜிங், குடோன் வாரியாகச் சரக்கு மதிப்பு, ஒவ்வொரு சீரிஸிலும் கடைசி ஆவண எண், போன மாத ஜிஎஸ்டிஆர்-1 தொகுப்பு. புதியதில் அதே அறிக்கைகளை எடுத்து எக்செலில் கழித்துப் பாருங்கள். எல்லா வரியும் பூஜ்யமாக வர வேண்டும். இதில் கையெழுத்து ஐடி போடக்கூடாது, அக்கவுன்ட்ஸ் மேனேஜர் போட வேண்டும்.

அவினாசி_ரோடு
பேரேடு சார் சொன்னதோடு, ஓஜேடிடி (ஜர்னல் தலைப்பு), ஜேடிடி1 (ஜர்னல் வரிகள்), ஓஐஎன்எம் (சரக்கு நகர்வு) மூன்றிலும் வரி எண்ணிக்கையையும், ஜேடிடி1-ல் டெபிட், கிரெடிட் மொத்தத்தையும் எஸ்கியூஎல்லிலேயே எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு நிமிட வேலை. மேனேஜர் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

லாக்பேக்கப்
ஆடிட் லாக் பற்றி ஒரு நுணுக்கம். எஸ்கியூஎல் ஆடிட் வசதி பயன்படுத்தினால், சர்வர் ஆடிட் என்ற பொருள் மாஸ்டரில் இருக்கும், கூட வராது. டேட்டாபேஸ் ஆடிட் ஸ்பெசிஃபிகேஷன் மட்டும் வந்து, இணையில்லாமல் நிற்கும். பார்க்க இருப்பது போலவே இருக்கும், ஒரு வரி எழுதாது. புதியதில் சர்வர் ஆடிட்டை உருவாக்கும்போது பழையதன் ஆடிட் ஜியுஐடி-யையே (அடையாள எண்) கொடுத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

நூல்மில்_ஐடி
போன வாரம் சோதனைக்காக ஒரு பேக்கப்பைப் புதியதில் ரெஸ்டோர் பண்ணி வைத்திருக்கிறேன். லாகின், ஜாப் எல்லாம் ஸ்கிரிப்ட் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

அவினாசி_ரோடு
ஜாபை எனேபிள் பண்ணுவதற்கு முன் நிறுத்துங்கள்! அந்த நகலுக்குத் தான் சோதனை நகல் என்று தெரியாது. இ-இன்வாய்ஸ் ஆட்-ஆன் நிஜ போர்ட்டலின் யூசர், பாஸ்வேர்டோடு அதில் உட்கார்ந்திருக்கிறது. பேங்குக்குப் பேமென்ட் ஃபைல் அனுப்பும் ஜாபும் அப்படியே. பார்ட்டிகளுக்கு நிலுவை மெயில் போகும். முதலில் ஜாப் எல்லாவற்றையும் டிஸேபிள் நிலையில் உருவாக்குங்கள், இ-இன்வாய்ஸை சாண்ட்பாக்ஸுக்கு (சோதனை போர்ட்டல்) மாற்றுங்கள், டேட்டாபேஸ் மெயிலை அணையுங்கள், ஃபயர்வாலில் அந்தச் சர்வரின் வெளிப்போக்கை அடையுங்கள். பிறகு எதை வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

பேட்ச்கார்டு
வெளிப்போக்கு பற்றிப் பேசும்போதே: என்ஐசி ஏபிஐ-யை (இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கான இணைப்பு) நேரடியாகப் பயன்படுத்தினால் ஸ்டாட்டிக் ஐபி பதிவு செய்திருப்பீர்கள். பேங்க் எஸ்எஃப்டிபி-யிலும் (பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் வழி) அதேதான். புது சர்வர் அதே ஃபயர்வால் வழியே, அதே பொது ஐபியில் வெளியே போகிறதா என்று பாருங்கள். வேறு விஎல்ஏஎன்னில் (நெட்வொர்க் பிரிவு) வைத்தால் வேறு லைன் வழியே போகக்கூடும்.

எஸ்எஃப்டிபி சாவி சர்வீஸ் அக்கவுன்டின் புரொஃபைல் ஃபோல்டருக்குள் இருக்கும். அந்தக் கணக்கிலேயே ஒருமுறை கைமுறையாக இணைத்து, பேங்க் சர்வரின் ஃபிங்கர்பிரின்டை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஜாப் "சரியா, இல்லையா" என்ற கேள்வியில் யாரும் பார்க்காத திரையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நூல்மில்_ஐடி
திங்கள் காலை 11 மணிக்குப் பெரிய பிரச்சினை வந்து பழையதுக்குத் திரும்ப வேண்டியிருந்தால்? காலையில் போட்ட இன்வாய்ஸ்களைப் பழையதில் மறுபடி போட்டால் சரியாகிவிடும் அல்லவா?

பேரேடு
ஆகாது. ஐஆர்என் (இ-இன்வாய்ஸின் பதிவு எண்) என்பது உங்கள் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து உருவாகும் ஹாஷ். புது சர்வரிலிருந்து 1041-ஆம் இன்வாய்ஸுக்கு ஐஆர்என் வாங்கிவிட்டு, பழையதில் மறுபடி 1041 போட்டு அனுப்பினால் 2150, டூப்ளிகேட் ஐஆர்என் என்று திருப்பிவிடும். 24 மணி நேரத்துக்குள் ஐஆர்என்னை ரத்து செய்யலாம், ஆனால் ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

அதே விவரத்தோடு, அதே எண்ணில் பழையதில் பதிவு செய்து, ஏற்கெனவே வாங்கிய ஐஆர்என்னைக் கையால் ஏற்றலாம். லாரி போய்விட்ட இன்வாய்ஸுக்கு அதுதான் வழி. திரும்புவதாக முடிவெடுத்தால் அதற்குப் பிறகு வரும் இன்வாய்ஸுக்குப் புது சீரிஸ் தொடங்குங்கள். இரண்டு சர்வரின் எண்களும் கலக்காது.

லாக்பேக்கப்
அதனால் திரும்பலாமா வேண்டாமா என்ற முடிவை திங்கள் 11 மணிக்குத் தள்ளாதீர்கள். சனி இரவு 8 மணிக்கு டெயில் லாக், 8.30-க்குத் திறப்பு, டேட்டாபேஸ் சேதமில்லையா என்று பார்க்கும் செக்டிபியை, வெள்ளி ஃபுல் பேக்கப்பிலிருந்து வேறு பெயரில் ரெஸ்டோர் செய்த நகலில் ஓட்டியிருந்தால் இப்போது சரிபார்ப்பு மட்டும். 9.30-க்கு அக்கவுன்ட்ஸ் கையெழுத்து இல்லை என்றால், பழையதில் "ரெஸ்டோர் டேட்டாபேஸ், வித் ரெகவரி" ஒரு வரி. பழையது இரண்டு நிமிடத்தில் விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடும், எதுவும் இழப்பில்லை. முதல் நிஜ இன்வாய்ஸ் புதியதில் போட்டபின் அந்தக் கதவு மூடிவிடும்.

கம்பேட்டிபிலிட்டி லெவலை 130-லேயே விடுங்கள். குவெரி ஸ்டோரை (குவெரிகளின் வேகத்தைப் பதியும் வசதி) ஆன் பண்ணி, ஒரு மாத இறுதி கடந்தபின் 150-க்கு (2019 நிலை) ஏற்றுங்கள். மேக்ஸ் சர்வர் மெமரி கட்டாயம் வையுங்கள். அதே மெஷினில் பிசினஸ் ஒன் சர்வீஸ்களும் ஓடுவதால் எஸ்கியூஎல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

டேலிக்காரர்
பக்கவாட்டில் ஒரு கேள்வி. இதே சர்வரில் கிளைக் கணக்குக்கு டேலிபிரைம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓடுகிறது என்றால்?

அவினாசி_ரோடு
அது எளிது, இரண்டு இடம்தான் கவனம். பழையதில் லைசன்ஸை முதலில் சரண்டர் பண்ணுங்கள், பிறகு புதியதில் ஆக்டிவேட். டேட்டா ஃபோல்டரை எல்லோரும் வெளியேறியபின் முழுதாக நகலெடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்தால் பாதி ஃபைல்தான் வரும். டேலி ஐஎன்ஐ-யும் (அமைப்பு ஃபைல்) டிடிஎல் (டேலியின் கூடுதல் நிரல்) ஃபைல்களும் சேர்த்து. பேக்கப்பிலிருந்து ரெஸ்டோர் செய்வதென்றால் காலி ஃபோல்டரில் செய்யுங்கள். அதே எண்ணில் கம்பெனி ஏற்கெனவே இருந்தால் அதன்மேலேயே எழுதிவிடும்.

நூல்மில்_ஐடி
கடைசியாக, மாற்றியபின் தினசரி பேக்கப் எங்கே வைப்பது? இப்போது அதே சர்வரின் டி டிரைவிலும் ஒரு நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியிலும் போகிறது.

பேரேடு
கம்பெனிகள் கணக்கு விதிகள் 2014, விதி 3(5): எலக்ட்ரானிக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்கப்பட வேண்டும். 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்கு முன் "அவ்வப்போது" என்றிருந்தது, இப்போது தினமும். கணக்குகள் 8 நிதியாண்டுக்கு வேண்டும்.

லாக்பேக்கப்
கிளவுடுக்கு அனுப்பினால் ரீஜனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அஷூரில் புணேயும் சென்னையும் ஜோடி, ஏடபிள்யூஎஸ்ஸில் மும்பை, ஹைதராபாத்.

நாஸ் டொமைனில் சேர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் ரான்சம்வேர் அட்மின் பாஸ்வேர்டைப் பிடித்ததும் முதலில் துடைப்பது அதைத்தான். டொமைனுக்கு வெளியே தனிக் கணக்கு வையுங்கள். கிளவுடில் அழிக்க முடியாத பூட்டு 30 நாளுக்குப் போடுங்கள். லாக் 15 நிமிடம், டிஃபரென்ஷியல் தினமும், ஃபுல் வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு நாளின் பேக்கப்பை வேறு மெஷினில் ரெஸ்டோர் பண்ணி, செக்டிபி ஓட்டி, அந்த நாளின் டிரையல் பேலன்ஸோடு ஒப்பிடுங்கள். "வெரிஃபை ஒன்லி" ஓடியது என்பதை வைத்து நிம்மதியடையாதீர்கள். ஃபைல் படிக்க முடிகிறது என்பதற்கு மேல் அது பெரிதாக எதுவும் சொல்லாது.

ஒவ்வொரு மார்ச் 31 முடிவு பேக்கப்போடும் அந்தப் பதிப்பின் எஸ்கியூஎல், பிசினஸ் ஒன் இன்ஸ்டாலரையும், டிடிஇ சான்றிதழ் இருந்தால் அதன் பாஸ்வேர்டைத் தனிக் கவரிலும் வையுங்கள்.

நூல்மில்_ஐடி
குறித்துக்கொண்டேன். டிடிஇ இல்லை. நாஸ் டொமைனில்தான் இருக்கிறது, அதை முதலில் பிரிக்கிறேன். லைசன்ஸுக்குப் பார்ட்னரிடம் நாளை எழுதுகிறேன். லாகின் பட்டியலில் டிஃபால்ட் லாங்குவேஜ் பார்த்தேன்: பேங்க் இம்போர்ட் லாகின் மட்டும் பிரிட்டிஷ், மற்றதெல்லாம் யுஎஸ்.

லாக்பேக்கப்
அந்த ஒரு லாகினுக்கு "ஆல்டர் லாகின்" போட்டு பிரிட்டிஷ் ஆக்கிவிட்டு, 03/04 தேதியுள்ள ஒரு பழைய ஸ்டேட்மென்டை சோதனை நகலில் ஏற்றிப் பாருங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள்.